இரண்டு ரிப்போர்ட், ஒரே கட்டி: ஈறில் வரும் ரத்தக்குழாய்க் கட்டியை எப்படி உறுதி செய்கிறோம்?

சோழவந்தானிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 51 வயது. மேல் ஈறில் இடது பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால், பட்டாணி அளவில் சிவப்பாக ஒரு சதை வளர்ந்தது. பல் தேய்த்தாலே ரத்தம் வந்தது. ஊரில் பல் டாக்டர் அதை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். 'பயோஜெனிக் கிரானுலோமா, கேன்சர் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதத்தில் அதே இடத்தில் அரைநெல்லிக்காய் அளவுக்குத் திரும்ப வளர்ந்துவிட்டது. இப்போது பக்கத்துப் பல்லும் ஆடுகிறது, எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் கரைந்தது போல இருக்கிறது என்கிறார்கள். மதுரையில் மறுபடி ஒரு துண்டு எடுத்ததில், 'எபிதீலியாய்டு வகை ரத்தக்குழாய்க் கட்டி. எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமாவா என்று இம்யூனோ பரிசோதனை செய்து பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். முதல் டாக்டர் தப்பு செய்துவிட்டாரா, இரண்டாமவர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறாரா, இதில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். கூடவே, அம்மா காலமெல்லாம் வெற்றிலை போட்டதால் வந்ததா என்றும், அந்தப் பக்கம் பல் தேய்க்கவே பயப்படுகிறார், என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கேன்சரா இல்லையா என்பதுதான் கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு என்று நினைக்கிறேன். ஒரே வாயில், ஒரே இடத்தில் எடுத்த சதையைப் பார்த்துப் படித்தவர்கள் இரண்டு பேர் எப்படி வேறு வேறாகச் சொல்ல முடியும்? அதற்கு விடை தெரிந்தால் மற்றவற்றுக்கு வழி தானாகத் தெரியும். நான் வாய் நோய்க்குறியியல் படித்தவள். மதுரையில் 22 வருடமாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு என்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட கட்டியில் நாங்கள் எப்படி யோசிக்கிறோம், எங்கே தடுமாறுகிறோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயோஜெனிக் கிரானுலோமா. 'பயோஜெனிக்' என்றால் சீழ் உண்டாக்குவது, 'கிரானுலோமா' என்றால் அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு என்று பொருள். இதில் சீழும் கிடையாது, அசல் கிரானுலோமாவும் கிடையாது. 1904-ல் வைத்த பெயர் தப்பாகவே நிலைத்துவிட்டது. உண்மையில் இது சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கொத்துக் கொத்தாக வளர்ந்த ஒரு சதை. பல்லில் காரை சேர்ந்து ஈறு உறுத்திக்கொண்டே இருந்தால் வரும், கர்ப்பகாலத்தில் வரும், அடிபட்ட இடத்தில் வரும். வாயில் வருவதில் பெரும்பாலானவை ஈறில்தான். ரத்தம் வரும், வேகமாக வளரும், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் கேன்சர் கிடையாது. வெட்டிய பிறகு திரும்பவும் வரலாம். 100 பேரில் 16 பேர் வரை திரும்ப வந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அடியில் காரையைச் சுரண்டாமல் சதையை மட்டும் வெட்டினால் அதே இடத்தில் முளைப்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே திரும்ப வந்த ஒரே காரணத்தால் முதல் ரிப்போர்ட் தப்பு என்று ஆகிவிடாது.

அப்படியானால் இரண்டாவது ரிப்போர்ட் ஏன் வேறு பாதையில் போகிறது? இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஈறில் எந்தக் கட்டி வந்தாலும், சாப்பிடும்போது உரசி உரசி மேல்தோல் புண்ணாகிவிடும். புண்ணான இடத்தில் உடம்பு தானாகவே புது ரத்தக்குழாய்களை வளர்க்கும். அதாவது உள்ளே என்ன கட்டி இருந்தாலும் மேலே ஒரு போர்வை போலப் பயோஜெனிக் கிரானுலோமாவின் சாயல் படர்ந்துவிடும். மேலோடு சீவி எடுத்த துண்டு எங்கள் மேஜைக்கு வந்தால் அந்தப் போர்வை மட்டும்தான் கண்ணில் படும். ரிப்போர்ட் எழுதியவர் தனக்கு வந்த துண்டைப் பற்றி எழுதியது சரியாகவே இருக்கும், கட்டியைப் பற்றித்தான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாவது முறை கொஞ்சம் ஆழமாக எடுத்திருப்பார்கள், அதில் வேறு செல்கள் தெரிந்திருக்கும். உங்கள் அம்மா விஷயத்தில் இதுதான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முதல் துண்டையும் இரண்டாவது துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்றுதான் உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. அதுதான் இப்போது முதலில் நடக்க வேண்டிய வேலை.

ஸ்லைடில் என்ன பார்க்கிறோம் என்று கொஞ்சம் சொல்கிறேன். சதையை மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாகப் பிரித்தால் வரும் கனத்தில் சீவி, ஊதாவும் ரோஸும் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டியிருப்போம். சாதாரண ரத்தக்குழாய் என்றால் நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் தட்டையான செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும், ஓட்டைக்குள் சிவப்பணுக்கள் கிடக்கும். பயோஜெனிக் கிரானுலோமாவில் இந்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் கொஞ்சம் பெரிய குழாயோடு, ஒரு ஒழுங்கில் இருக்கும். புதிதாக வளரும் கட்டத்தில் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதும் தெரியும். அதைப் பார்த்துக் கேன்சர் என்று அலறக் கூடாது. எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமாவில் அந்த ஒழுங்கு இருக்காது. செல்கள் குண்டாக, இரண்டு மூன்றாகவோ நூல் கோத்தது போலவோ, கண்ணாடி மாதிரி வெளிறிய ஒரு பொருளுக்குள் சிதறிக் கிடக்கும். குழாய் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் நிதானமாகத் தேடினால் ஒரு செல்லின் உள்ளேயே குமிழி போல ஒரு வெற்றிடம், அந்தக் குமிழிக்குள் ஒரே ஒரு சிவப்பணு. ஒரு தனிச் செல் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ரத்தக்குழாயைக் கட்டிப் பார்த்தது போல இருக்கும். அதை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் சின்னத் துண்டில் அப்படி ஒன்றிரண்டு செல்தான் அகப்படும், அவசரத்தில் கண்ணில் படாமலே போய்விடும்.

இந்தக் கட்டியை 1982-ல் வைஸ், என்சிங்கர் என்ற இருவர் 41 நோயாளிகளை வைத்துத் தனி நோயாக எழுதினார்கள். அதற்கு முன்பு இவற்றில் பல, வேறு இடத்துக் கேன்சர் பரவி வந்தது என்றே எண்ணப்பட்டன. செல்கள் குண்டாக, தோல் செல் போலத் தோன்றுவதுதான் காரணம். 'எபிதீலியாய்டு' என்ற சொல்லுக்கே அதுதான் அர்த்தம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்தச் சொல் வந்ததால்தான் அடுத்த பரிசோதனை கேட்டிருக்கிறார்கள். அப்படிக் குண்டான செல்களோடு வரும் ரத்தக்குழாய்க் கட்டிகள் முக்கியமாக மூன்று. ஒன்று எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோமா. அது சாது. சுற்றிலும் ஈயோசினோஃபில் என்ற அணுக்கள் கூடியிருக்கும், குழாய்கள் ஒழுங்காக உருவாகியிருக்கும், முழுதாக எடுத்தால் போதும், எடுத்த இடத்தில் சில சமயம் திரும்ப வரும். இரண்டாவது, உங்கள் ரிப்போர்ட்டில் சந்தேகப்பட்ட ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. இது கேன்சர் வகையில்தான் சேரும், ஆனால் பெரும்பாலும் நிதானமாக நடப்பது. மூன்றாவது ஆஞ்சியோசார்கோமா. அது வேகமானது, கொடியது, செல்கள் ஒழுங்குகெட்டு, இடையிடையே செத்த திசுவோடு இருக்கும். மூவரும் முகச்சாயலில் ஒன்று போலிருப்பார்கள், குணம் மட்டும் வேறு. சின்னத் துண்டை வைத்து இவர்களைப் பிரிக்கச் சொன்னால் அனுபவசாலியும் தயங்குவார். தயங்கியதை எழுதிக் கொடுத்த அந்த இரண்டாவது டாக்டர் மீது எனக்கு மரியாதை வருகிறது.

ரிப்போர்ட்டில் 'இல்லை என்று உறுதி செய்யவும்', 'இதற்கு ஒத்திருக்கிறது', 'இதை ஒதுக்க முடியவில்லை' என்றெல்லாம் எழுதுவது நோயாளிக்கு மழுப்பலாகத் தெரியும். எங்களுக்குள் அவை ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. 'ஒத்திருக்கிறது' என்றால் ஏறக்குறைய நம்புகிறேன் என்று பொருள். 'ஒதுக்க முடியவில்லை' என்றால் சந்தேகம் இருக்கிறது, அதற்கு இன்னும் ஆதாரம் தேடுங்கள் என்று பொருள். உங்களுக்கு வந்தது இரண்டாவது ரகம். கேன்சர் என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இம்யூனோ பரிசோதனை என்பது அதே மெழுகு பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவல் எடுத்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் சாயம் ஏற்றுவது. புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை. சிடி31, சிடி34, இஆர்ஜி என்ற மூன்று சாயங்களும் செல் ரத்தக்குழாய்ச் சுவரைச் சேர்ந்ததா என்று சொல்லும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. சிடி31 குப்பை தின்னும் அணுக்களிலும் ஏறும். சிடி34 ரத்தக்குழாயோடு சம்பந்தமில்லாத சில கட்டிகளிலும் ஏறும். இஆர்ஜி உட்கருவில் பளிச்சென்று ஏறினால் எனக்கு அதிக நம்பிக்கை. இன்னொரு பொறியும் இருக்கிறது. கெரட்டின் சாயம் உறுப்புகளை மூடும் தோல் செல்களிலிருந்து வரும் கேன்சருக்கு, அதாவது கார்சினோமாவுக்கு, உரியது என்று படித்திருப்போம், ஆனால் எபிதீலியாய்டு ரத்தக்குழாய்க் கட்டிகள் சிலவற்றிலும் அது ஏறிவிடும். கெரட்டின் ஏறியதைப் பார்த்ததும் 'கார்சினோமா' என்று எழுதி, நோயாளியை வேறு வைத்தியத்துக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. அதனால் சாயங்களைத் தனித்தனியாகப் படிக்காமல் கூட்டாகப் படிக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லக்கூடிய சாயம் காம்டா1. 2011-ல் இந்தக் கட்டியில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று டபிள்யூடபிள்யூடிஆர்1, இன்னொன்று காம்டா1. பத்தில் ஒன்பது ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமாவில் இந்த ஒட்டு இருக்கிறது. அதனால் காம்டா1 சாயம் உட்கருவில் ஏறினால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. ஏறாவிட்டால் மீதி ஒரு சிலவற்றுக்காக டிஎஃப்இ3 சாயத்தையும் பார்க்க வேண்டும். எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோமா என்று சந்தேகம் வந்தால் ஃபாஸ்பி சாயம் உதவும், எல்லாவற்றிலும் ஏறாவிட்டாலும். காம்டா1 எல்லா லேபிலும் இருக்காது. சாதாரண நாலு சாயத்தைப் போட்டுவிட்டு 'ரத்தக்குழாய்க் கட்டிதான்' என்று மறுபடி எழுதிக் கொடுத்தால் நீங்கள் புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். அதனால் பணம் கட்டும் முன்பே 'காம்டா1 உங்களிடம் இருக்கிறதா, இல்லை வெளியே அனுப்புவீர்களா' என்று கேளுங்கள். வேலூர் சிஎம்சி, சென்னை அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா மெமோரியல் போன்ற பெரிய இடங்களில் இரண்டாவது கருத்து கேட்கலாம். அம்மாவை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம், பிளாக் போனால் போதும். எந்தச் சாயம் அவர்களிடம் இருக்கிறது, என்ன காகிதம் வேண்டும் என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கண்ணாடிக்குள் நடக்கும் வேலை. ஆனால் ரத்தக்குழாய்க் கட்டியில் பாதி விடை வாயிலேயே இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். சிவப்பாக, ஊதாவாக இருக்கும் எதையும் கத்தி வைக்கும் முன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஸ்லைடால் மெல்ல அழுத்தினால் வெளுத்துப் பிறகு சிவக்கிறதா? விரலுக்குத் துடிப்பு தெரிகிறதா? சில வருடம் முன்பு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 13 வயதுப் பையனை ஒரு பல் டாக்டர் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப்பல் ஆடுகிறது, ஈறோரம் ரத்தம் கசிகிறது, பிடுங்கிவிடுங்கள் என்றுதான் வந்தார்கள். அவர் அந்தப் பல்லை விரலால் அமுக்கியிருக்கிறார். பல் உள்ளே போய், விட்டதும் தானாக மேலே எழும்பியிருக்கிறது, தண்ணீரில் மிதக்கும் கட்டையை அமுக்கியது போல. கொறடாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். தாடைக்குள் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ஒரு ரத்தக்குழாய்க் கோளாறு. பிடுங்கியிருந்தால் ரத்தம் நிற்காமல் அந்த நாற்காலியிலேயே உயிர் போயிருக்கும். ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்து, பிறகு ஆபரேஷன் செய்து பிழைத்தான். இப்படிப்பட்டவை வளரும் கட்டிகள் அல்ல, பிறவியிலேயே குழாய்கள் தப்பாக அமைந்தவை. கட்டியையும் அமைப்புக் கோளாறையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1982-ல் மல்லிக்கன், குளோவாக்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வலியுறுத்திய பிறகும் இரண்டையும் 'ஹெமாஞ்சியோமா' என்றே எழுதும் பழக்கம் போகவில்லை. உங்கள் அம்மாவுக்கு இரண்டு முறை வெட்டியும் ரத்தம் சாதாரணமாக நின்றிருக்கிறது, அதனால் இந்த வகை ஆபத்து எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. இருந்தாலும் அடுத்து பெரிதாக வெட்டும் முன் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய சிடி ஸ்கேன் ஒன்று கட்டாயம் வேண்டும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அந்த எலும்பு விஷயம்தான் உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பயோஜெனிக் கிரானுலோமா பொதுவாக எலும்பைத் தொடாது. 51 வயதில் பல் ஆடுவதற்கு ஈறு நோயே போதும் என்பதும் உண்மை. ஜெயன்ட் செல் கிரானுலோமா என்ற இன்னொரு சாதுவான ஈறுக் கட்டியும் அடியில் எலும்பைக் கிண்ணம் போலக் குடையும். ஆகவே எலும்பு கரைந்ததால் கேன்சர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திரும்ப வந்தது, வேகமாக வளர்ந்தது, எலும்பு கரைந்தது, குண்டான செல்கள் என நாலும் ஒரே வாயில் சேரும்போது 'பார்த்துக்கொள்ளலாம், போங்கள்' என்று யாராவது அனுப்பினால் நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சாத்தியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒரு முறை அதில் தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். மேலூர்ப் பக்கத்து விவசாயி, அறுபதைத் தாண்டியவர். கீழ் ஈறில் ரத்தம் வடியும் சிவப்புக் கட்டி. துண்டு முழுக்க ரத்தக்குழாய்கள். பயோஜெனிக் கிரானுலோமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரத்தில் கட்டி இரட்டிப்பாகத் திரும்பி வந்தார். பழைய ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். ரத்தக்குழாய்களுக்கு நடுவே, தண்ணீர் நிரம்பியது போல வெளிறிய செல்கள் ஒரு ஓரத்தில் கூட்டமாக இருந்தன. முதல் நாளும் அவை அங்கேதான் இருந்தன. வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. சிறுநீரகக் கேன்சர் ஈறுக்குப் பரவியிருந்தது. அவருக்குச் சிறுநீரகத்தில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, முதல் அடையாளமே ஈறில்தான் வந்தது. அந்த ஆறு வாரத்துக்கு நான்தான் பொறுப்பு. அன்றிலிருந்து, ரத்தம் வடியும் ஈறுக் கட்டி எது வந்தாலும் 'வேறு எங்காவது கட்டி, எடை குறைவு, சிறுநீரில் ரத்தம் உண்டா' என்று அனுப்பியவரிடம் போன் போட்டுக் கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உடம்பில் வேறு இடத்துக் கேன்சர் வாயின் மெல்லிய சதைக்குப் பரவினால் அதிகம் தங்குவது ஈறில்தான். சிறுநீரகம், நுரையீரல், மார்பகம், தைராய்டு என எங்கிருந்தும் வரலாம். அதனால் உங்கள் அம்மாவுக்கும் ஒரு வயிற்று ஸ்கேனும் மார்பு சிடியும் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்றே உறுதியானாலும் அவை தேவைப்படும், ஏனென்றால் அது கல்லீரலிலும் நுரையீரலிலும் வரக்கூடிய கட்டி.

எச்ஐவி, அல்லது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் உள்ளவர்களுக்கு ஈறிலும் அண்ணத்திலும் கபோசி சார்கோமா என்ற ரத்தக்குழாய்க் கேன்சர் வரலாம். அதற்கு எச்எச்வி8 என்ற வைரஸ்தான் காரணம், தனிச் சாயமும் இருக்கிறது. லேபில் எச்ஐவி பரிசோதனை கேட்டால் அம்மாவை அவமானப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், இந்த வகைக் கட்டிக்கு அது வழக்கமான கேள்வி.

ஒரு வேளை ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்றே வந்துவிட்டால்? கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்ற இரண்டையும் பார்த்துத்தான் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கிறார்கள். நீங்கள் சொல்லும் அளவு அதைவிடச் சிறியது, அது நல்ல விஷயம். சுற்றிலும் நல்ல சதையோடு, தேவைப்பட்டால் அந்தப் பல்லும் கொஞ்சம் எலும்பும் சேர்த்து அகலமாக எடுப்பதுதான் முதல் வைத்தியம். வாயில் வந்தவை உலகம் முழுக்கவே மிகக் குறைவாகத்தான் பதிவாகியிருக்கின்றன. அதனால் 'இத்தனை சதவீதம் குணமாகும்' என்று யாராவது கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கு பெரும்பாலும் உடம்பின் மற்ற இடங்களில் வந்த கட்டியை வைத்துப் போட்டதாகவே இருக்கும். வருடக்கணக்கில் தவறாமல் வந்து காட்ட வேண்டியிருக்கும் என்பது மட்டும் உறுதி.

வெற்றிலை விஷயம். கொட்டைப்பாக்கும் புகையிலையும் வாய்க் கேன்சர் உண்டாக்கும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலைபாக்கையே கேன்சர் உண்டாக்குவது என்று 2004-ல் வெளியிட்டது. ஆனால் அது வாயின் உட்தோல் செல்லிலிருந்து வரும் கேன்சர். ரத்தக்குழாய்க் கட்டிக்கு வெற்றிலைபாக்குதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொடிக்கால் ஊரில் பிறந்து வெற்றிலை போட்டதற்காக அம்மா இப்போது தன்னையே திட்டிக்கொண்டிருந்தால், இந்தக் கட்டிக்காக அப்படித் திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடச் சொல்லுங்கள், அதற்கான காரணம் வேறு. கட்டி மேல் சுண்ணாம்போ கிராம்பு எண்ணெயோ தடவியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வெந்த மேல்தோல் எங்களுக்கு ஸ்லைடில் குழப்பத்தைத்தான் கொடுக்கும்.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. முதல் லேபுக்குப் போய், ரிப்போர்ட் நம்பரைக் காட்டி, பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கேளுங்கள். இது வழக்கமான நடைமுறைதான், சண்டை போட வேண்டியதில்லை. இரண்டாவது லேபிலும் அதே போல வாங்கி, இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுங்கள். இரண்டு ரிப்போர்ட், எக்ஸ்ரே, வெட்டும் முன் எடுத்த போட்டோ எதுவாயினும் கூடவே போகட்டும். பல் டாக்டர் எழுதித் தரும் சீட்டில் 'ஈறுக் கட்டி' என்று மட்டும் இருந்தால், எப்போது வந்தது, எப்போது வெட்டினார்கள், எத்தனை நாளில் திரும்பியது, எலும்பு எப்படி இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மெழுகு பிளாக்கைச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எங்கேயும் நிற்காதீர்கள். 55, 60 டிகிரியில் அது இளகிவிடும். எனக்கு ஒரு முறை பிளாக் வழிந்துபோய் வந்திருக்கிறது.

மறுபடியும் சதை எடுக்க வேண்டி வந்தால், எடுப்பவரிடம் மூன்று விஷயம் மரியாதையாகக் கேளுங்கள். லேசரிலோ கரண்டுக் கத்தியிலோ சுட்டு எடுக்காமல் சாதாரணக் கத்தியில், ஓரத்திலும் ஆழத்திலும் சேர்த்து எடுக்க முடியுமா? கருகின ஓரத்தை எங்களால் படிக்க முடியாது. எடுத்ததும் சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில், வாய் அகன்ற டப்பாவில் போடுவார்களா? ஊசி மருந்து புட்டியில் சலைன் ஊற்றி அனுப்பிய துண்டுகள் அழுகி வந்ததையும், ஃபார்மலினில் இறுகிய சதை குறுகிய கழுத்தில் மாட்டிக்கொண்டு உடைத்து எடுத்ததையும் நிறையப் பார்த்துவிட்டேன். எலும்பும் சேர்ந்து வந்தால் அதைத் தனி டப்பாவில் அனுப்புவார்களா? எலும்பை இளக்கும் அமிலம் மேலே சொன்ன சாயங்களையும் மரபணுப் பரிசோதனையையும் கெடுத்துவிடும்.

பல் தேய்க்கும் பயத்துக்கு வருகிறேன். தேய்க்காமல் விட்டால் காரை சேர்ந்து ஈறு இன்னும் வீங்கும், ரத்தம் அதிகம்தான் வரும். மிக மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுங்கள், கட்டியைத் தொடாமல் மற்றப் பற்களை வழக்கம் போலத் தேய்க்கட்டும். அந்த ஓரத்தைச் சாப்பிட்ட பிறகு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை மடித்து, அசையாமல் 15 நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் நிற்காது. ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். 15 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காமல் வாய் நிறைய வந்தால், அது ராத்திரி எந்த நேரமானாலும், துணியை அழுத்திப் பிடித்தபடியே வண்டியேறி நேராகப் பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.